ஊலாங்கை எடை போடுவது எப்படி? வாசகர் கேள்வி-பதில்

பச்சைத் தேயிலைக்கும் கறுப்புத் தேயிலைக்கும் நடுவே, இலையை ஓரளவு மட்டும் சிவக்கவிட்டுச் செய்யும் ஊலாங் தேயிலை பற்றி வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே இடத்தில்தான் முட்டி நிற்கின்றன: "எனக்குப் பிடித்திருக்கிறது, ஆனால் இது நல்ல சரக்குதானா?" பிடிப்பது வேறு, தரம் வேறு. இந்த இதழில் தரம் பார்ப்பது பற்றிய கேள்விகளை மட்டும் எடுத்துக்கொள்கிறோம்.

கேள்வி: அன்ஷி "தியே குவான்யின்" என்று எழுதிய 100 கிராம் பொட்டலம் வாங்கினேன். பெரிய டம்ளர் வெந்நீரில் ஒரு டீஸ்பூன் போட்டு மூன்று நிமிடம் வைத்தால், வெந்நீருக்குப் பூவைக் காட்டி எடுத்த மாதிரி இருக்கிறது. மட்டச் சரக்கை என் தலையில் கட்டிவிட்டார்களா? (சென்னை வாசகர்)

பதில்: சரக்கைக் குறை சொல்லும் முன் தண்ணீரின் சூட்டையும் அளவையும் சொல்லுங்கள். இது சீனாவின் ஃபூஜியான் மாகாணத்துத் தென்பகுதியில் உள்ள அன்ஷி வட்டாரத்துத் தேயிலை. முழு இலையைக் காம்போடு துணியில் கட்டி, திரும்பத் திரும்பப் பிசைந்து, குண்டுமணி அளவுக்குச் சுருட்டியிருப்பார்கள். நம் வீட்டு சிடிசி டஸ்ட்டில் இலை முழுக்க நொறுங்கியிருப்பதால் ஒரு நிமிடத்தில் சாயம் இறங்கிவிடும். இந்த உருண்டை முதலில் அவிழ வேண்டும், பிறகுதான் எதையும் கொடுக்கும். பச்சைத் தேயிலைக்குச் சொல்லும் 80 டிகிரிக் கணக்கை இதற்கும் வைத்துக்கொண்டு பலர் ஏமாறுகிறார்கள். ஊலாங்குக்குத் தளதளவென்று கொதிக்கும் தண்ணீர் வேண்டும்.

அடுத்தது அளவு. ஸ்பூன் கணக்கு இங்கே உதவாது. உருட்டிய ஊலாங் ஒரு டீஸ்பூன் ஏறத்தாழ 3 கிராம் நிற்கும். நீளவாக்கில் முறுக்கிய, அதே ஃபூஜியானின் வூயீ மலை ஊலாங் அதே ஸ்பூனில் பாதிகூடத் தேறாது. 0.1 கிராம் காட்டும் சின்னத் தராசு ஒன்று வாங்கிவிடுங்கள். 150 மில்லி கொதிநீருக்கு 3 கிராம், மூடி வைத்து ஆறு நிமிடம். இப்படிச் செய்தும் வெந்நீர்தான் என்றால், கடைக்காரரிடம் போகலாம்.

இன்னொன்று: சாயம் வெளிறியிருந்தால் மட்டம் என்பது பால் டீக்காரர்களின் கண். லேசாகச் சிவக்கவிட்ட இன்றைய தியே குவான்யின் சாறு, இளம்பச்சை கலந்த பொன்னிறத்தில்தான் இருக்கும்.

கேள்வி: தொழில்முறையில் ருசி பார்ப்பவர்கள் ஊலாங்கை எப்படிப் பார்க்கிறார்கள்? வீட்டில் அதை அப்படியே செய்ய முடியுமா? (மதுரை வாசகர்)

பதில்: முடியும். பெரிய சாமான் எதுவும் வேண்டாம்.

உலகப் பொதுவான முறை ஒன்று உண்டு: ஐஎஸ்ஓ 3103. 1980-இல் வந்தது. 100 மில்லிக்கு 2 கிராம், ஆறு நிமிடம். (இதற்கு இணையான ஆறு பக்க பிரிட்டிஷ் தரக்குறிப்புக்கு 1999-இல் கேலிக்குத் தரப்படும் இக் நோபல் பரிசு கிடைத்தது. சிரிக்கலாம், ஆனால் எல்லாரும் ஒரே மாதிரி போட்டால்தானே இரண்டு டீயை ஒப்பிட முடியும்?) தைவானில் போட்டிகளிலும் 150 மில்லிக்கு 3 கிராம் என்று இதே விகிதம்தான்.

ஊலாங்குக்கென்றே சீனாவின் தேசியத் தரமுறையில் வேறொரு வழி இருக்கிறது. அது கடுமையானது, எங்கள் கணக்கில் அதுதான் சரியானது. 110 மில்லி பிடிக்கும் வெள்ளைப் பீங்கான் மூடிக்கிண்ணம், 5 கிராம் இலை, கொதிநீர். அதே இலையில் மூன்று முறை இறக்க வேண்டும்: முதல் தடவை 2 நிமிடம், அடுத்து 3, கடைசியாக 5. சாதாரணமாகக் குடிப்பதைவிட இது இரண்டு மடங்குக்கும் மேல் திடம். வேண்டுமென்றேதான் அப்படி. லேசாகப் போட்டால் சுமாரான ஊலாங்கும் மணக்கும், குறை எதுவும் வெளியே வராது. திடமாகப் போட்டு நெருக்கினால்தான் உள்ளே ஒளிந்திருக்கும் கசப்பும் பச்சை வாடையும் தலை காட்டும்.

முதலில் உலர்ந்த இலையை வெள்ளைத் தட்டில் பரப்பிப் பாருங்கள். உருண்டைகள் ஏறக்குறைய ஒரே அளவா, கையில் போட்டுக் குலுக்கினால் கனமாகச் சத்தம் வருகிறதா, தூளும் மொட்டைக் காம்பும் எவ்வளவு? பிறகு கிண்ணத்தை வெந்நீரால் சூடாக்கிக் கொட்டிவிட்டு, இலையைப் போட்டு, விளிம்புவரை கொதிநீர் ஊற்றுங்கள். மேலே வரும் நுரையை மூடியால் வழித்துவிட்டு மூடுங்கள்.

மூக்கு வேலை முழுக்க மூடியில்தான். ஆவியோடு எழும் மணம் மூடியின் உட்புறத்தில் படியும். நேரம் முடிய ஒரு நிமிடம் இருக்கும்போது மூடியை எடுத்து, கிண்ணத்துக்கு நேரே குனியாமல், மூடியை மூக்கருகே கொண்டுவந்து இரண்டு மூன்று விநாடி மட்டும் முகருங்கள். முதல் தடவையில் மணம் எவ்வளவு உயரம், ஏதாவது வேண்டாத வாடை உண்டா என்று மட்டும் கவனியுங்கள். அது என்ன மணம் என்று பெயர் சொல்வது இரண்டாம் தடவை. மூன்றாவதில் இன்னும் எவ்வளவு மிச்சம் என்ற கேள்வி. மூன்றையும் முதல் முகர்விலேயே முடிவு கட்டுவதுதான் புதியவர்கள் செய்யும் தவறு.

நேரம் முடிந்ததும் சாற்றை ஒரு சொட்டு விடாமல் வடித்துவிடுங்கள். நிறத்தை உடனே பார்க்க வேண்டும், ஆறினால் கறுக்கும். சாறு 50 டிகிரிக்கு அருகே, உதடு பொறுக்கும் சூட்டில் இருக்கும்போது ஒரு ஸ்பூன் எடுத்து, காற்றோடு சேர்த்து "சர்ர்" என்று உறிஞ்சுங்கள். சத்தத்துக்குக் கூச்சப்படாதீர்கள், சாறு பொடித்துளியாகச் சிதறி வாய் முழுக்கப் பரவவும், மணம் தொண்டை வழியாக மூக்குக்கு ஏறவும்தான் அந்தச் சத்தம். நாக்கில் உருட்டிவிட்டுத் துப்பிவிடலாம். பாட்டி காலத்துப் படிக்கம் வீட்டில் இருந்தால் அதற்கு வேலை வந்துவிட்டது. நான்கு மாதிரிகளை மும்மூன்று தடவை விழுங்கினால், அதுவும் வெறும் வயிற்றில், தலை சுற்றும்.

சுவைக்கு மதிப்பெண் போடும்போது இரண்டாம் இறக்கத்தை முதன்மையாக வையுங்கள். அதற்குள் உருண்டை அவிழ்ந்திருக்கும், மேலோட்டமான வாசனையும் போயிருக்கும். அந்தத் தரமுறை நூற்றுக்குப் பிரிக்கும் கணக்கு இது: இலைத் தோற்றம் 20, சாற்றின் நிறம் 5, மணம் 30, சுவை 35, ஊறிய இலை 10. நிறத்துக்கு வெறும் 5 என்பதை, கண்ணாடிக் கோப்பையை வெயிலில் தூக்கிப் பிடித்துப் படம் எடுப்பவர்கள் கவனிக்கவும்.

ஒரே தேயிலையைத் தனியாகப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். மூன்று நான்கு மாதிரிகளை அருகருகே வையுங்கள். கிண்ணத்தின் அடியில் எண் ஒட்டி, வேறொருவரைவிட்டு இடம் மாற்றச் சொல்லுங்கள். விலை தெரிந்த நாக்கு பொய் சொல்லும். அன்று காலை காபி, வெற்றிலை, பூண்டு வேண்டாம். அறையில் ஊதுபத்தி, தலையில் மல்லிகை இருந்தால் ஊலாங்கின் பூ மணத்தைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

கேள்வி: எந்தத் தண்ணீர்? (சென்னை, திருப்பூர் வாசகர்கள்)

பதில்: ஆழ்துளைக் கிணற்று நீரில் வேண்டாம். சுண்ணாம்புச் சத்து மிகுந்த தண்ணீரில் சாறு கறுத்து மங்கும், மேலே ஏடு படியும், பூ மணம் அமுங்கிவிடும். அந்த ஏடு தேயிலையின் அழுக்கல்ல. தண்ணீரின் கால்சியமும் இலையின் துவர்ப்புப் பொருளும் சேர்ந்து கட்டுவது. சிறுவாணித் தண்ணீர் வரும் கோவை வீடுகளுக்குக் கவலை இல்லை. மற்றவர்கள் டிடிஎஸ் (கரைந்துள்ள உப்புகளின் அளவு) 50 முதல் 100 வரை உள்ள கேன் தண்ணீர் எடுங்கள். ஆர்ஓ-வில் உப்பை அறவே வழித்துவிட்ட நீரில் சுவை தட்டையாக நிற்கும். ஒப்பிடும் எல்லா மாதிரிக்கும் ஒரே தண்ணீர் என்பது எல்லாவற்றையும்விட முக்கியம்.

கேள்வி: குன்னூரில் தண்ணீர் 100 டிகிரிக்கு முன்பே கொதித்துவிடுகிறதே. பிரஷர் குக்கரில் சூடாக்கலாமா? (குன்னூர் வாசகர்)

பதில்: குக்கர் பயன்படாது. மூடியைத் திறந்த கணமே அழுத்தம் இறங்கி, தண்ணீர் உங்கள் ஊர்க் கொதிநிலைக்கே வந்துவிடும். 300 மீட்டர் உயரத்துக்குச் சுமார் ஒரு டிகிரி குறையும் என்று வையுங்கள். 1,850 மீட்டரில் உள்ள குன்னூரில் ஏறத்தாழ 94, ஊட்டியில் 92-93. ருசி பார்க்க இது போதும், இலை அவிழக் கொஞ்சம் தாமதமாகும், அவ்வளவே. கிண்ணத்தை நன்றாகச் சூடாக்குங்கள், கொதித்த கையோடு ஊற்றுங்கள், உருட்டிய ரகத்துக்கு முதல் இறக்கத்தில் மட்டும் அரை நிமிடம் கூட்டுங்கள். சமவெளியில் எழுதிய மதிப்பெண்ணை மலையில் எழுதியதோடு ஒப்பிட வேண்டாம்.

கேள்வி: பொட்டலத்தில் ஆர்க்கிட், கார்டீனியா, பீச் என்று போட்டிருக்கிறார்கள். இதையெல்லாம் முகர்ந்தே பார்க்காத நான் எதை எழுதுவது? (தஞ்சாவூர் வாசகி)

பதில்: உங்கள் மூக்குக்குத் தெரிந்ததை எழுதுங்கள். ருசிக் குறிப்பின் வேலை, அடுத்த மாதம் அதே தேயிலையைத் திரும்ப அடையாளம் காண உதவுவது. மல்லிகைக்கும் மனோரஞ்சிதத்துக்கும் சம்பங்கிக்கும் வித்தியாசம் தெரிந்த மூக்கு எந்த வெளிநாட்டு மூக்குக்கும் இளைத்ததில்லை.

பெயர் தேடும் முன் குடும்பம் தேடுங்கள். ஊலாங் மணங்களை எங்கள் வசதிக்கு நான்காகப் பிரிக்கிறோம். இலைப் பச்சை: கிள்ளிய கீரைக் காம்பு, வெட்டிய புல். இது தூக்கலாக இருந்தால் குறை. பூ: லேசாகச் சிவக்கவிட்ட தியே குவான்யின், தைவானின் அலிஷான் போன்ற உயர்மலைச் சரக்குகள் இங்கே வரும். கனி, தேன்: இன்னும் நன்றாகச் சிவக்கவிட்டவை. தைவானின் ஓரியண்டல் பியூட்டி இந்தக் குடும்பத்துக்கு நல்ல எடுத்துக்காட்டு. கோடையில் பச்சைத் தத்துப்பூச்சி இலையை உறிஞ்ச, செடி தன் தற்காப்புக்குச் சுரக்கும் வாசனைப் பொருள்களே அதன் தேன் மணத்துக்கு அடிப்படை. மருந்தடித்த தோட்டத்தில் பூச்சி வராது, அந்த மணமும் வராது. நான்காவது நெருப்பு: வறுத்த கடலை, பொரியரிசி, பாகு. இது இலையில் பிறந்ததல்ல, வறுவலில் வந்தது.

ஒரே கிண்ணத்தைச் சூடாக, வெதுவெதுப்பாக, ஆறியபின் என மூன்று முறை முகருங்கள். சூட்டில் வேண்டாத வாடை முதலில் தெரியும். மணத்தின் குணம் வெதுவெதுப்பில் தெளியும். ஆறிப்போன கிண்ணத்திலும் பூவோ தேனோ ஒட்டிக்கொண்டிருந்தால் அது நல்ல சரக்கு.

கேள்வி: கசப்பு இருந்தால் மட்டம் என்கிறார் ஒருவர், கசப்பு இல்லாத டீ டீயே இல்லை என்கிறார் இன்னொருவர். யார் சொல்வது சரி? (திருநெல்வேலி வாசகர்)

பதில்: முதலில் கசப்பையும் துவர்ப்பையும் பிரித்துவிடுவோம். கசப்பு ஒரு சுவை: பாகற்காய். துவர்ப்பு வாய்த்தோல் இழுபடும் உணர்வு: வாழைப்பூ, பாக்கு. ஆறு சுவையில் இரண்டையும் தனித்தனியாக வைத்திருக்கும் மொழிக்காரர்களுக்கு இது எளிது.

இரண்டும் இருக்கலாம். கேள்வி, எவ்வளவு நேரம் என்பது. திடமாக இறக்கிய ஊலாங்கில் சற்றுக் கசந்து, துப்பிய சில விநாடிகளில் அது கரைந்து, தொண்டையிலிருந்து ஒரு இனிப்பு மேலேறி வந்தால் அதைச் சீனர்கள் "ஹுய் கான்", திரும்பி வரும் இனிப்பு என்கிறார்கள். நெல்லிக்காய் தின்று தண்ணீர் குடித்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கசப்பு நாக்கின் அடியில் குந்திக்கொண்டு, மூன்றாம் இறக்கத்திலும் நகராமல் இருந்தால் அது செய்முறைக் குறை. துவர்ப்பும் அப்படித்தான்: எச்சில் ஊறிக் கரைந்தால் சரி, நாக்கு மரக்கட்டையாகி நின்றால் மதிப்பெண்ணைக் குறையுங்கள்.

கேள்வி: இரண்டு ஏக்கரில் தேயிலை வைத்திருக்கிறேன். கையால் ஊலாங் செய்து பார்த்தேன். மணம் ஓரளவு வருகிறது, ஆனால் பச்சை வாடையும் அடங்காத கசப்பும். எங்கே தவறு? (கோத்தகிரி வாசகர்)

பதில்: ஊறிய இலையை வெள்ளைத் தட்டில் தண்ணீர் விட்டு விரித்துப் பாருங்கள். பதில் அதில் எழுதியிருக்கும்.

இலையின் ஓரம் மட்டும் சிவந்து, நடுப்பகுதி பச்சையாகத் தெளிந்திருந்தால் வேலை சரி. நடுவில் திட்டுத்திட்டாகக் கறுத்து, நரம்பு கரும்பச்சையாக இருந்தால் தண்ணீர் உள்ளேயே தங்கிவிட்டது. நீங்கள் சொல்லும் இரண்டு குறையும் சேர்ந்து வருவது பெரும்பாலும் இதனால்தான். ஊலாங் செய்முறையின் உயிர், காம்பிலும் நரம்பிலும் உள்ள நீரை இலைப்பரப்புக்கு இழுத்து ஆவியாக விடுவது. இலையைத் தட்டில் குலுக்குவார்கள், பிறகு ஆறப்போடுவார்கள், மறுபடி குலுக்குவார்கள். முதல் குலுக்கல் பூப்போல இருக்க வேண்டும், போகப்போகக் கடுமை கூட வேண்டும், நடுவே இலைக்கு ஓய்வும் கூட வேண்டும். அவசரப்பட்டு முதலிலேயே பலமாகக் குலுக்கினால் நரம்பு நசுங்கும், நீர்வழி அடைபடும், ஓரம் சீக்கிரம் சிவந்து கண்ணை ஏமாற்றும். சிவப்பைப் பார்த்து வேலை முடிந்தது என்று, மேலும் சிவக்காமல் நிறுத்தச் சூடான வாணலியில் போடுகிறோம். உள்ளே இலை பச்சையாகவே இருக்கிறது.

இலை எங்குமே சிவக்காமல் ஒரே பச்சையாக இருந்து, புல் வாடை மட்டும் அடித்தால் குறை வேறு: வெயிலில் வாட்டியது போதாது அல்லது குலுக்கியதே போதாது. இரண்டாம் இலை பளபளப்பு இழந்து தொங்கும்வரை வாட வேண்டும். பனிமூட்ட நாளில் பறித்த கொழுந்தில் நல்ல ஊலாங் எதிர்பார்க்காதீர்கள்.

பறிப்பையும் பாருங்கள். தொழிற்சாலைக்குக் கொடுக்கும் பழக்கத்தில் இரண்டு இலை ஒரு மொட்டு கிள்ளியிருப்பீர்கள். அத்தனை இளசில் காஃபீனும் கசப்புப் பொருளும் அதிகம். குலுக்கலையும் அது தாங்காது. ஃபூஜியானில் தளிரின் வளர்ச்சி நின்று, நுனி இலை பாதிக்கு மேல் விரிந்தபின், மூன்று நான்கு இலையோடு பறிக்கிறார்கள். குலுக்கலை மாற்றும் முன் இதை மாற்றிப் பாருங்கள். பாதிக் கசப்பு இங்கேயே போகக்கூடும்.

கேள்வி: தியே குவான்யினை ஊறவைத்தபின் இலை ஓரமெல்லாம் கிழிந்து கிடக்கிறது. சிவப்பு ஓரமும் இல்லை. போலியா? (புதுச்சேரி வாசகர்)

பதில்: அவசரப்படாதீர்கள். வெளிர் பச்சை ரகத்தில், வாணலியிலிருந்து எடுத்ததும் இலையைத் துணியில் அடித்துச் சிவந்த ஓரத்தை உதிர்த்துவிடும் வழக்கம் பரவியிருக்கிறது. சாறு பளிச்சென்று பச்சையாகத் தெரியத்தான் அந்த வேலை. ஆகவே கிழிந்த ஓரம் அந்த ரகத்தின் கைரேகை. பழைய பாணியில் செய்த, வறுத்த தியே குவான்யினில் முழு இலையும் சிவந்த ஓரமும் எதிர்பார்க்கலாம். அதில் ஓரம் கிழிந்திருந்தால்தான் கேள்வி கேட்க வேண்டும்.

கேள்வி: "மில்க் ஊலாங்" என்பது பாலில் அவித்த இலையா? (பெங்களூரு வாசகி)

பதில்: பாலில் அவிப்பது, வேருக்குப் பால் ஊற்றுவது எல்லாம் விற்பனைக் கதை. தைவானின் தேயிலை ஆய்வு நிலையம் 1981-இல் வெளியிட்ட ஜின் ஷுவான் என்ற ரகத்துக்கு, தாய்ச்சா எண் 12 என்றும் சொல்வார்கள், இயல்பிலேயே லேசான வெண்ணெய்ச் சாயல் உண்டு. லேசான என்பதை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். பொட்டலத்தைப் பிரித்ததுமே பால்கோவா மணம் அறையை நிறைத்தால் வாசனை சேர்த்த சரக்கு. ஐயம் இருந்தால் மூன்று முறை இறக்குங்கள். சேர்த்த வாசனை முதல் இறக்கத்தில் கொட்டிவிட்டு, மூன்றாவதில் மாயமாகி, அடியில் சுமாரான டீ மட்டும் நிற்கும். இயல்பான சாயல் மணத்தைவிட வாயில்தான் அதிகம் தெரியும், வழுவழுப்பாக.

கேள்வி: ஊலாங்கில் பால், சர்க்கரை? (பெயர் வேண்டாம் என்ற வாசகர்)

பதில்: உங்கள் வீடு, உங்கள் டம்ளர். ருசி பார்க்கும் மேசையில் மட்டும் வேண்டாம்.

கேள்வி: வூயீ மலை ஊலாங் ஒன்றில் கரி வாடை தூக்கலாக இருக்கிறது. அது அந்த ரகத்தின் குணமா, கருகலா? பழைய சரக்கை வறுத்து விற்கிறார்கள் என்கிறார்களே? (திருச்சி வாசகர்)

பதில்: மூன்றுக்கும் வாய்ப்பு உண்டு.

வூயீ சரக்கைக் கரி அனலில் மெதுவாக, இடைவெளி விட்டுப் பலமுறை வறுப்பார்கள். வறுத்த புதிதில் நெருப்பு வாடை முன்னால் நிற்கும். இரண்டு மூன்று மாதம் மூடிவைத்தால் அடங்கும். அடங்கியபின் வறுகடலை, பாகு போன்ற இனிப்பான வாசனையும், தெளிந்த செம்பொன் நிறச் சாறும் இருந்தால் குணம்தான்.

கருகியதை ஊறிய இலை காட்டிக்கொடுக்கும். மூன்று இறக்கம் முடிந்தும் இலை விரியாமல், கரித்துண்டுபோல் விறைத்துச் சுருண்டே கிடக்கும். விரலால் நசுக்கினால் பொடியும். சாறும் கறுத்துக் கலங்கும். நன்றாக வறுத்த இலை மெல்லச் சுருள் அவிழ்ந்து தோல்போல் வளையும். அதன் முதுகில் தேரைத் தோல் மாதிரிச் சின்னக் கொப்புளங்கள் தெரிந்தால் அது வறுவலின் அடையாளம், குறை அல்ல.

பழைய சரக்கைத் திரும்ப வறுத்து விற்பது நடப்பதுதான். நெருப்பு முதல் இறக்கத்தில் எல்லாவற்றையும் மூடி மறைக்கும். இரண்டாவதில் அது விலகும்போது அடியில் பூவோ கனியோ எழுந்து வர வேண்டும். வெறும் தண்ணீர்ச் சுவையும், ஊசிய பொரியின் வாடையும் எழுந்தால் சரக்கு பழசு.

வீட்டில் மழைக்காலத்தில் நமத்துப்போன வறுத்த ஊலாங்கை நீங்களே மீட்கலாம். எண்ணெய் வாடை இல்லாத ஓவனில், தட்டில் மெல்லிசாகப் பரப்பி, 80-90 டிகிரியில் அரை மணி நேரம், நடுவே ஒருமுறை கிளறி. முழுக்க ஆறியபின் டப்பாவில் அடையுங்கள். வெளிர் பச்சை தியே குவான்யினுக்கு இந்த வைத்தியம் ஆகாது, பூ மணம் போய்விடும். அதைக் காற்றுப் புகாமல் கட்டிக் குளிர்பதனப் பெட்டியில் வைத்து, வெளியே எடுத்ததும் அறைச் சூட்டுக்கு வரும்வரை பொட்டலத்தைப் பிரிக்காமல் இருங்கள். குளிர்ந்த இலையில் காற்றின் ஈரம் படிந்தால் அன்றே வீணாகத் தொடங்கிவிடும்.